பயணத்தில் பணமும் கணக்கு விவரங்களும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்களும், சீசனுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. திருடன் எடுத்துவிடுவானோ என்ற பயம்தான் முக்கால்வாசிக் கேள்விகளில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். பணம் கணக்கில் பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் வழி இருக்காது. எல்லா வழியும் ஒரே போனுக்குள் இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் எதைச் செய்ய?

செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமோ பென்ஷனோ விழுகிற பெரிய கணக்கை யூபிஐயில் இணைக்கவே வேண்டாம். பயணத்துக்கு வேண்டிய பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ இந்தச் சின்னக் கணக்கில் போட்டுவிட்டு, ஜிபே, போன்பே எதுவானாலும் இதை மட்டும் இணையுங்கள். கையில் எடுத்துப்போகிற ஏடிஎம் கார்டும் இந்தக் கணக்கினுடையதாகவே இருக்கட்டும். பெரிய கணக்கின் கார்டு பீரோவில் கிடக்கலாம். போனே போனாலும் அதிகபட்ச நஷ்டம் அவ்வளவுதான்.

"இன்னொரு கணக்கா, மினிமம் பேலன்ஸ் யார் வைக்க?" என்பார்கள். தபால் நிலையச் சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய் இருந்தால் போதும்.

நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தால் வங்கி ஆப்பைத் திறந்து கார்டு அமைப்புகளைப் பாருங்கள். ஆன்லைன் உபயோகம், வெளிநாட்டு உபயோகம், பின் போடாமல் தட்டிச் செலுத்துவது, தினசரி வரம்பு எல்லாவற்றையும் நீங்களே நிறுத்தி வைக்கலாம், குறைக்கலாம். இந்த வசதியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரிலிருந்து வங்கிகளுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. தட்டிச் செலுத்துவதில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. கூட்டத்தில் கார்டைத் தொலைத்தால் எடுத்தவனுக்கும் கேட்காது. திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அதை நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

கார்டு, போன், பணம் எதை எங்கே வைப்பது?

மூன்றையும் ஒன்றாக வைக்காதீர்கள், அவ்வளவுதான். போன் உறைக்குள்ளேயே ஏடிஎம் கார்டைச் செருகி வைப்பது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. போன் தொலைந்தால் கார்டைக் கொண்டு பணம் எடுக்கலாம், கார்டு தொலைந்தால் போனைக் கொண்டு சமாளிக்கலாம். இரண்டும் ஒரே உறையில் இருந்தால் அந்த லாபம் போய்விடுகிறது.

ரொக்கத்தில் ஒரு பங்கு, இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் ஆகிற அளவு, பெட்டியின் அடியில் தனியாக இருக்கட்டும். இரண்டு நாள் என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே போன் தொலைவதைப் பற்றிய பதிலில் வரும்.

நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒன்று: பவர் பேங்க் வாங்கிக்கொள்ளுங்கள், போனைத் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

கணக்கு எண், பாலிசி எண் எல்லாம் மனதில் நிற்பதில்லை. எங்கே எழுதி வைப்பது?

தாளில் எழுதுங்கள். பழைய முறைதான், ஆனால் சார்ஜ் தீராது. ஒரு தாளில் வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கார்டை முடக்க அழைக்க வேண்டிய எண் (கார்டின் பின்புறம் இருக்கும், இப்போதே பார்த்து எழுதுங்கள்), இன்ஷூரன்ஸ் பாலிசி எண், போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், *#06# போட்டால் திரையில் வரும்), வீட்டில் இரண்டு பேருடைய போன் நம்பர். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்த ஆண்கள் இன்று எத்தனை பேர்? இந்தத் தாள் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் நம்பிக்கையானவர் கையில்.

அந்தத் தாளில் பின் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் கூடாது. அதைத் திருடனே படித்தாலும் ஒரு ரூபாய் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். பின் நம்பரைக் கார்டு உறையில் பேனாவால் எழுதி வைக்கிற பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். சிலர் புத்திசாலித்தனமாகப் போனில் "ஏடிஎம் அண்ணாச்சி" என்று பெயர் போட்டு, நம்பரின் கடைசி நான்கு இலக்கமாகச் சேமிப்பார்கள். இந்த வித்தை உங்களுக்குத் தெரிந்திருந்தால் திருடனுக்கும் தெரியும்.

கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால் மாற்றுக் குறியீடுகள் என்று எட்டு இலக்க எண்கள் பத்து கொடுப்பார்கள். அவற்றையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். இல்லாவிட்டால், தொலைந்த போனைத் தேடுவதற்காக வேறு போனிலிருந்து கணக்குக்குள் நுழையப் போனால், உறுதி செய்யச் சொல்லி அந்தத் தொலைந்த போனுக்கே செய்தி போகும்.

ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி வைத்திருக்கிறேன். போதாதா?

எடுப்பதற்கு வசதிதான், உங்களுக்கும் மற்றவர்களுக்கும். கேலரிக்கு அனுமதி வாங்கிய ஒவ்வொரு ஆப்பும் அந்தப் படத்தைப் பார்க்க முடியும். அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் வையுங்கள். அதில் துறையே நேரடியாக வழங்கிய ஆவணத்துக்கு அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு, ரயிலில் டிடிஇ கேட்டாலும் காட்டலாம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு லாபம், போன் போனாலும் புதுப் போனில் உள்ளே நுழைந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவசரமாக ஆதார் நகல் வேண்டுமென்று நிற்பீர்கள். "வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே" என்பார் கடைத் தம்பி. அனுப்புவீர்கள், பிரிண்ட் வரும், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் ஆதார் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் கிடக்கும், மேலே யாரோ ஒருவரின் பத்திரம், கீழே ஒரு பிள்ளையின் மார்க் ஷீட். தம்பி மேல் குற்றமில்லை, அழிக்க அவருக்கு நேரமில்லை. "அழிச்சிருங்க தம்பி" என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு.

லாட்ஜில் அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுங்கள். ஆதார்தான் இருக்கிறது என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளலாம், ஆதார் தளத்திலேயே அந்த வசதி இருக்கிறது. நகலின் குறுக்கே "குற்றாலத்தில் தங்குவதற்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்ல பழக்கம்.

குற்றாலத்தில் ரூம் புக் பண்ண முன்பணம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

போனில் தேடி முதலில் வருகிற நம்பரை நம்பி அனுப்பாதீர்கள். யூபிஐயில் தொகை போடும்போது திரையில் வருகிற பெயரைப் படியுங்கள். லாட்ஜ் பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத ஒரு வடநாட்டுப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ரூம் கேன்சல், பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யூபிஐயில் பின் தேவையே இல்லை.

அருவியில் குளிக்கும்போது போனையும் பர்ஸையும் என்ன செய்வது?

குளிக்காத ஒருவர் கரையில் இருப்பதுதான் சரியான வழி. ஒவ்வொரு குடும்பத்திலும் தண்ணீருக்குப் பயந்த ஒரு மாமா இருப்பார். தனியாகப் போனால் கார்டையும் போனையும் அறையில் பூட்டிவிட்டு, பஜ்ஜிக்கும் ஆட்டோவுக்கும் ஆகிற ரொக்கத்தை மட்டும் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகையை மட்டும் நம்பிப் போனைப் பூட்டியிருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நிற்பீர்கள். விரல் நுனி தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும், சீயக்காய் போட்டும் போகாத எண்ணெய் வேறு. போன் "மீண்டும் முயலவும்" என்றே சொல்லும். ஐந்தாறு தரம் தப்பானதும் பூட்டு எண் கேட்கும், அதைப் போட்டே பல மாதம் ஆகியிருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை போனை அணைத்துப் போட்டு எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள்.

காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் போனால் யூபிஐ வேலை செய்யுமா?

நம்பாதீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் சிக்னல் எப்படியிருக்கும் என்று அறிவார்கள். இணையம் இல்லாவிட்டால் *99# (போனில் டயல் செய்தே யூபிஐ பணம் அனுப்புகிற வழி) இருக்கிறதே என்று சொல்வதுண்டு. அது இணையம் இல்லாமல் வேலை செய்யும், டவர் இல்லாமல் செய்யாது. பாபநாசம் தாண்டுவதற்குள் சில்லறையாக ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். நூறும் ஐம்பதுமாக.

அப்பாவுக்கு ஏடிஎம் சரியாகத் தெரியாது. தனியாக வெளியூர் போகிறார். என்ன சொல்லி அனுப்ப?

நம் பக்கம் பெரியவர்கள் ஏமாறுகிற விதம் பெரும்பாலும் ஒன்றேதான். ஏடிஎம்மில் தடுமாறிக்கொண்டு நிற்பார். பின்னால் நிற்கிற பையன், நல்ல சட்டை, மரியாதையான பேச்சு, "என்ன தாத்தா, பணம் வரலியா? கார்டைக் குடுங்க, நான் போட்டுத் தாரேன்" என்பான். தாத்தா பின் நம்பரை வாய்விட்டே சொல்லுவார். பணம் வந்தாலும் வரும், வராவிட்டாலும் "மெஷின் சரியில்ல தாத்தா" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். கொடுத்தது அதே வங்கியின், அதே நிறத்து, வேறு யாருடைய கார்டோ. வீட்டில் யாரும் மெசேஜ் பார்க்காவிட்டால் அடுத்த மாசம் பென்ஷன் எடுக்கப் போகும்போதுதான் தெரியும்.

ஆகவே அப்பாவிடம் மூன்றே விஷயம். வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம்முக்கு, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். உதவி வேண்டுமானால் உள்ளே போய் ஊழியரிடம் கேட்க வேண்டும். கார்டு யார் கைக்குப் போய்த் திரும்பினாலும் அதிலிருக்கிற பெயரைப் படிக்க வேண்டும். கண் மங்கலானவர் என்றால் கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கரோ நெயில் பாலிஷ் பொட்டோ வைத்துவிடுங்கள், விரலால் தடவியே தெரிந்துகொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: தினசரி எடுக்கும் வரம்பை ஐயாயிரமாகக் குறைத்து வையுங்கள்.

வங்கிக்குக் கொடுத்த சிம்மை வீட்டிலுள்ள பட்டன் போனில் போட்டுவிட்டுப் போகிறேன். ஓடிபி வந்தால் அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன். நல்ல யோசனைதானே?

சிம் பத்திரமாக இருக்கும், அது உண்மை. ஆனால் "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு" என்று நீங்கள் மாதம் நாலு தடவை கேட்டால், போனில் யாராவது நம்பர் கேட்டால் படித்துச் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கு நீங்களே பழக்கிவிட்டீர்கள். ஐந்தாவது தடவை கேட்பவன் "உங்க மகன் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்மா" என்று தொடங்குவான். யூபிஐக்கும் சிம் அந்தப் போனிலேயே இருந்தாக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு சிம் பின் போடுங்கள். போன் அமைப்புகளில் சிம் பூட்டு என்று இருக்கும். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அந்த எண் இல்லாமல் ஓடிபி வராது. நீங்களும் மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனத்திடம் பூட்டைத் திறக்கிற பியூகே எண் வாங்க வேண்டியிருக்கும். அதனால் யோசித்துப் போடுங்கள்.

ரயில் நிலைய வைஃபை, சார்ஜ் போடும் இடம், இதிலெல்லாம் ஆபத்தா?

பேசப்படுகிற அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. வங்கி ஆப் அனுப்புகிற தகவல், இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. இருந்தாலும் பணம் அனுப்பும்போது சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள், சார்ஜருக்கு உங்கள் அடாப்டரையே செருகுங்கள். இதைவிடப் பயப்பட வேண்டியது வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்பு, அதாவது திறந்தால் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிடுகிற கோப்பு. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும் தொடாதீர்கள். உங்கள் ஓடிபியை உங்களுக்கு முன் அவன் படித்துவிடுவான்.

போன் தொலைந்துவிட்டது. எதை முதலில் செய்ய?

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அந்த நம்பருக்கே திரும்பத் திரும்ப அடிப்பது. ஒரு தடவை அடியுங்கள், நல்லவர் கையில் கிடைத்திருந்தால் எடுப்பார். எடுக்கவில்லையென்றால் பக்கத்திலிருப்பவர் போனை வாங்கி இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சிம் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், ஓடிபி போகிற வழி அதுதான். அடுத்து வங்கியை அழைத்து யூபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளின் தொலைந்த போன் தேடும் பக்கத்தில் நுழைந்து போனைப் பூட்டுங்கள், கிடைக்காது என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள். அதன் பிறகு போலீஸ் புகார். ரயிலில் என்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம். ஆவணங்கள் மட்டும் தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். புகார் நகலும் ஐஎம்இஐ எண்ணும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனையே எந்த சிம்முக்கும் உதவாதபடி முடக்க முடியும். பெட்டியில் தாள் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இப்போது அந்த இரண்டு நாள் கணக்கு. டூப்ளிகேட் சிம் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி அது. எஸ்எம்எஸ் இல்லாமல் யூபிஐயைப் புதுப் போனில் பதிய முடியாது. பதிந்த பிறகும் முதல் நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. விதி நல்லதுதான், ஆனால் எழும்பூரில் காலையில் இறங்கி பர்ஸில் இருநூறு ரூபாயோடு நிற்கிறவருக்கு அது ஆறுதல் ஆகாது.

போனும் போச்சு, பர்ஸும் போச்சு. கையில் எதுவுமே இல்லை. வழி உண்டா?

ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஆதார் எண் மனப்பாடமாக இருந்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால், கைரேகை வைத்தே பணம் எடுக்கலாம். தபால் நிலையத்திலும், வங்கி முகவர் உட்கார்ந்திருக்கும் கடைகளிலும் இந்த வசதி இருக்கிறது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. கார்டு வேண்டாம், போன் வேண்டாம், ஓடிபி வேண்டாம்.

ஓடிபி வேண்டாம் என்பதுதான் இதன் ஓட்டையும். கைரேகையைப் போலி செய்து கணக்கைத் துடைத்த வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன. அதற்குத்தான் ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி கொடுத்திருக்கிறார்கள். பூட்டினால் திருடனும் எடுக்க முடியாது, எதுவுமில்லாமல் நிற்கிற நாளில் நீங்களும் எடுக்க முடியாது, பூட்டைத் திறக்க உங்கள் போன் வேண்டும். என்னைக் கேட்டால், வீட்டிலிருக்கும் நாட்களில் பூட்டியே வையுங்கள். தனியாக நீண்ட பயணம் போகும்போது திறந்துவிட்டு, சின்னக் கணக்கில் மட்டும் ஆதாரை இணைத்துக்கொள்ளுங்கள். மானியம் வருகிற கணக்கு எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இணைப்பை மாற்றினால் கேஸ் மானியமும் அங்கே போய்விடும்.

பணம் போய்விட்டது. வங்கி திருப்பித் தருமா?

உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைத்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் இடையில் எங்கோ நடந்த மோசடியென்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையதல்ல. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு பங்கு உங்கள் தலையில். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் நேரம் வரையிலான நஷ்டம் உங்களுடையது, அதற்குப் பிறகு போனது வங்கியுடையது. அதனால்தான் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

மகன் துபாய்க்குப் போகிறான். இந்திய நம்பரை என்ன செய்வது?

உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வெளிநாட்டில் இருக்கிறவர்களின் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரால் கணக்கே திறக்காமல் போன கதை ஒன்றாவது இருக்கும். 90 நாள் உபயோகமே இல்லாவிட்டால் நிறுவனம் நம்பரைத் துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது உங்கள் மகனின் ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். குறைந்த விலை ரீசார்ஜை வீட்டிலிருந்தே நீங்கள் போட்டு வாருங்கள்.

வேலைக்குப் போகிறவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருக்கிறவர் இந்திய வருமானத்துக்கு வைக்கிற கணக்கு) மாற்ற வேண்டும், அது சட்டம். என்ஆர்ஈ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பி வைக்கிற கணக்கு), என்ஆர்ஓ கணக்குக்கு ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் நம்பரிலேயே யூபிஐ எடுக்கலாம், உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரோமிங்கை இங்கேயே தொடங்கிவிட வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதாவது ஒரு டெஸ்ட் மெசேஜ் வருகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள், அங்கே போய் இறங்கிய பிறகு தொடங்குவது பெரும்பாடு.